ஒரு நாளுக்கு ஒரு வரிசை

2023 நவம்பர் 5, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கில் நள்ளிரவு தாண்டி 1 மணி 50 நிமிடத்துக்கு ஒருவர் மஞ்சள் டாக்சியில் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இருபது நிமிடப் பயணம். அவர் இறங்கும்போது மீட்டர் காட்டும் நேரம் 1 மணி 10 நிமிடம். ஏறுவதற்கு நாற்பது நிமிடம் முன்பே இறங்கிவிட்டதாகப் பதிவாகிறது. மீட்டரில் கோளாறு எதுவும் இல்லை. கோடைக்காலத்துக்காக ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருந்த கடிகாரங்களை அந்த நகரம் அன்று அதிகாலை 2 மணிக்கு மறுபடி 1 மணிக்குத் திருப்பி வைத்தது. 1 மணி முதல் 2 மணி வரையிலான நேரம் அன்று இரண்டு முறை வந்தது. அந்த நாளுக்கு 25 மணி நேரம்.

பயணத்தைப் பதிவுசெய்த கணினிக்கு இதனால் எந்தத் தொல்லையும் இல்லை. கட்டணம் வாங்கியாயிற்று, ரசீது கொடுத்தாயிற்று. சில ஆண்டுகள் கழித்து யாராவது ஒருவர் "ஞாயிறு அதிகாலைப் பயணங்கள் சராசரியாக எத்தனை நிமிடம் ஓடுகின்றன?" என்று கேட்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. வேலை நடக்கும் கணத்தைக் கவனிக்கும் கணினிக்கு ஒரு விதமான அமைப்பு போதும். பல ஆண்டுகளைச் சேர்த்து வைத்துக் கேள்வி கேட்பதற்கு வேறு விதமான அமைப்பு வேண்டும். இந்த இரண்டாவது அமைப்புக்குத்தான் தரவுக்கிடங்கு என்று பெயர்.

நியூயார்க் நகரின் டாக்சி அண்ட் லிமோசின் கமிஷன், 2009 ஜனவரியிலிருந்து நடந்த மஞ்சள் டாக்சிப் பயணங்களின் பதிவுகளை மாதவாரியாகப் பொதுமக்களுக்குத் தந்துவருகிறது. 2013-ஆம் ஆண்டில் மட்டும் 17 கோடிக்கும் அதிகமான பயணங்கள். எந்த நேரத்தில் ஏறினார்கள், எந்த நேரத்தில் இறங்கினார்கள், எங்கிருந்து எங்கே, எத்தனை மைல், கட்டணம் எவ்வளவு, சுங்கம் எவ்வளவு, டிப்ஸ் எவ்வளவு, ரொக்கமா கார்டா என எல்லாம் அதில் உண்டு. உலகம் முழுக்கத் தரவுத் துறை மாணவர்கள் கைப்பழகும் தொகுப்பு இது. ஒரு தரவுக்கிடங்கை வடிவமைப்பதில் வரும் இடர்கள் ஏறக்குறைய எல்லாமே இதில் இருப்பதால், இந்த அத்தியாயம் முழுக்க நாமும் அந்த டாக்சியிலேயே போகலாம்.

தரவுக்கிடங்கு என்ற கருத்தை ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த பாரி டெவ்லினும் பால் மர்ஃபியும் 1988-இல் ஒரு கட்டுரையில் எழுதினார்கள். பில் இன்மன் 1992-இல் அதை ஒரு முழு நூலாக விரித்தார். ஆனால் இன்று அலுவலகங்களில் டேபிள் வரைகிறவர்கள் அன்றாடம் பேசும் மொழியைப் பரப்பியவர் ரால்ஃப் கிம்பால். 1996-இல் வந்த அவருடைய நூல், கிடங்கில் உள்ள டேபிள்களை இரண்டே வகையாகப் பிரித்தது. நடந்ததையும் அதன் அளவுகளையும் வைத்திருப்பது ஃபேக்ட் டேபிள். அது எப்போது, எங்கே, யாரால், எதைக் கொண்டு நடந்தது என்பதை விவரிப்பது டைமென்ஷன் டேபிள். நடுவில் ஒரு ஃபேக்ட் டேபிள், சுற்றிலும் டைமென்ஷன்கள் என்று வரைந்தால் நட்சத்திரம்போலத் தெரியும். அதனால் ஸ்டார் ஸ்கீமா என்றார்கள். ஃபேக்ட், டைமென்ஷன் என்ற இரு சொற்களும் 1960-களில் ஜெனரல் மில்ஸ் என்ற உணவு நிறுவனமும் டார்ட்மவுத் கல்லூரியும் சேர்ந்து செய்த ஆய்விலிருந்து வந்தவை என்று கிம்பாலே சொல்கிறார்.

வடிவமைப்பில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: ஃபேக்ட் டேபிளின் ஒரு வரிசை எதைக் குறிக்கிறது? துறையில் இதை கிரெய்ன் என்கிறார்கள். டாக்சிக்கு நாம் சொல்லும் பதில், "மீட்டர் போட்டதிலிருந்து நிறுத்தியது வரையிலான ஒரு பயணம்". இந்த ஒரு வாக்கியத்தை எழுதி, எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகுதான் பத்திகளைப் பற்றிப் பேச வேண்டும். பத்திகளை முதலில் அடுக்கிவிட்டு, கிரெய்ன் என்னவென்று பிறகு கண்டுபிடிக்க முயல்வது நான் அதிகம் பார்த்திருக்கும் பிழை. ஒருவர் பயணத்துக்கு ஒரு வரிசை என்று நினைத்துக்கொண்டிருப்பார். இன்னொருவர் வசதிக்காக ஒவ்வொரு நாளின் மொத்தத்தையும் ஒரு வரிசையாக அதே டேபிளில் சேர்த்துவிடுவார். அன்றிலிருந்து எந்தக் கூட்டலும் இரண்டு மடங்காக வரும். எண்கள் பார்க்க ஒழுங்காகவே இருப்பதால் பல மாதம் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

கிரெய்ன் முடிவான பின் அளவுகளுக்கு வருவோம். தூரம், கட்டணம், சுங்கம் ஆகியவற்றை எப்படிக் கூட்டினாலும் பொருள் உண்டு: நாளுக்குக் கூட்டலாம், வட்டாரத்துக்குக் கூட்டலாம், வண்டிக்குக் கூட்டலாம். வேகம் அப்படியல்ல. ஒரு பயணம் 10 நிமிடத்தில் 1 மைல், அதாவது மணிக்கு 6 மைல். இன்னொன்று 30 நிமிடத்தில் 15 மைல், மணிக்கு 30 மைல். இரண்டு வேகங்களின் சராசரி 18. ஆனால் உண்மையில் 40 நிமிடத்தில் 16 மைல் ஓடியிருக்கிறது. மணிக்கு 24 மைல். எனவே வேகத்தை ஃபேக்ட் டேபிளில் எழுதி வைக்கக் கூடாது. தூரத்தையும் நிமிடத்தையும் தனித்தனியே வைத்து, கூட்டி முடித்த பின் வகுக்க வேண்டும். விகிதம், சதவீதம் எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

டிப்ஸ் பத்தி இதைவிட ஆழமான பாடம் சொல்கிறது. கார்டில் கொடுத்த டிப்ஸ் தானாகப் பதிவாகும். ரொக்கமாகக் கொடுத்தது பதிவாகாது என்று கமிஷனின் விளக்கக் குறிப்பே சொல்கிறது. அதாவது ரொக்கப் பயணத்தில் டிப்ஸ் 0 என்று இருந்தால், பயணி ஒன்றும் கொடுக்கவில்லை என்று பொருள் கொள்ள முடியாது. நமக்குத் தெரியாது என்பதே பொருள். இந்த 0-ஐ அப்படியே கிடங்குக்குள் விட்டால், ரொக்கம் கொடுப்பவர்கள் எல்லோரும் கஞ்சர்கள் என்றும், ரொக்கம் அதிகம் புழங்கும் வட்டாரத்துக்காரர்கள் டிப்ஸே கொடுக்காதவர்கள் என்றும் அறிக்கை தயாராகும். மூலத்தில் 0 என்று இருந்தாலும் கிடங்கில் அந்தக் கட்டம் காலியாக இருக்க வேண்டும். காலிக் கட்டத்தைச் சராசரி கணக்கில் எடுக்காது; 0-ஐ எடுக்கும். ஓட்டுநர்களின் வருமானத்தைப் பற்றி யாரோ ஒரு முடிவெடுக்கப்போகும் எண் இது என்பதை நினைத்தால், ஒரு கட்டத்தைக் காலியாக விடுவது எத்தனை பெரிய காரியம் என்பது புரியும்.

இனி காலத்துக்கு வருவோம். ஒவ்வொரு பயணத்திலும் தேதியும் நேரமும் இருக்கும்போது தேதிக்கென்று தனி டேபிள் எதற்கு? எஸ்.க்யூ.எல் மொழியில் ஒரு சிறு கட்டளை போட்டால் எந்தத் தேதிக்கும் மாதம், ஆண்டு, கிழமை கிடைத்துவிடுமே என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதில் டாக்சிக் கட்டண விதியிலேயே இருக்கிறது. வார நாள்களில் மாலை 4 முதல் 8 மணி வரை ஏறினால் நெரிசல் நேரக் கூடுதல் கட்டணம். அரசு விடுமுறை நாளில் அது கிடையாது. 2022 டிசம்பர் 19-க்கு முன் இந்தக் கூடுதல் 1 டாலர், அன்றிலிருந்து 2.50 டாலர். கிழமையைக் கட்டளை சொல்லும். அன்று விடுமுறையா என்பதை எந்தக் கட்டளையும் சொல்லாது. எந்தக் கட்டண விகிதம் அன்று அமலில் இருந்தது என்பதையும் சொல்லாது. அவை மனிதர்கள் கூடி எடுத்த முடிவுகள். யாராவது எழுதி வைத்தால்தான் கணினிக்குத் தெரியும்.

நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரின் ஒரு தாளைப் பாருங்கள். தேதி, கிழமை, தமிழ் மாதம், திதி, நட்சத்திரம், ராகு காலம், விரத நாள், அரசு விடுமுறை எல்லாம் அந்த ஒரே தாளில் இருக்கும். முகூர்த்தம் பார்க்கிறவர் ஒன்றைப் பார்ப்பார், பள்ளிப் பிள்ளை இன்னொன்றைப் பார்க்கும். தேதி டைமென்ஷனின் ஒரு வரிசையும் இப்படித்தான்: ஒரு நாளைப் பற்றி யார் என்ன கேட்கக்கூடுமோ அத்தனைக்கும் அதில் ஒரு பத்தி. இருபது ஆண்டுக்கு மொத்தமே 7,305 வரிசைகள். பக்கத்தில் ஃபேக்ட் டேபிளில் 2013 என்ற ஓராண்டுக்கே 17 கோடி. அளவில் பார்த்தால் தேதி டேபிள் தூசு. ஆனால் கிடங்கைப் பயன்படுத்தும் அனைவரும், எந்தக் கேள்வி கேட்டாலும், இதன் வழியாகத்தான் உள்ளே போகிறார்கள். அதனால் இதற்கு ஒதுக்கும் உழைப்பு ஒருபோதும் வீணாவதில்லை என்பேன்.

நிதியாண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஆகஸ்ட் 15 என்ற ஒரே நாள், நியூயார்க் நகர அரசுக்கு 2025-ஆம் நிதியாண்டின் முதல் காலாண்டு. அந்த ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கியது. நியூயார்க் மாநில அரசுக்கு ஏப்ரலில் தொடங்கிய ஆண்டின் இரண்டாம் காலாண்டு. இந்தியாவுக்கும் அதே கணக்குதான். வாஷிங்டனில் உள்ள கூட்டாட்சி அரசுக்கோ 2024-ஆம் நிதியாண்டின் கடைசிக் காலாண்டு. அவர்களுக்குப் புத்தாண்டு அக்டோபர் 1. ஒரே நகரத்தின் டாக்சி வருவாயை இந்த மூன்று அரசுகளும் கேட்கும்போது, ஒவ்வொருவரும் தத்தம் அறிக்கையில் தனித்தனியே சூத்திரம் எழுதினால் மூன்று விடைகள் வரும், மூன்றும் சண்டையில் முடியும். தேதி டேபிளில் மூன்று பத்திகள் இருந்தால் போதும்.

வாரமும் அப்படியே. உலகத் தர நிர்ணய அமைப்பின் விதிப்படி வாரம் திங்களில் தொடங்கும். ஆண்டின் முதல் வியாழக்கிழமை எந்த வாரத்தில் வருகிறதோ அதுவே முதல் வாரம். இந்த விதிப்படி 2021 ஜனவரி 1, வெள்ளிக்கிழமை, 2020-ஆம் ஆண்டின் 53-வது வாரத்தைச் சேர்ந்தது. ஆண்டை ஒரு பத்தியிலிருந்தும் வாரத்தை வேறு விதியிலிருந்தும் எடுத்து ஒட்டினால், "2021, வாரம் 53" என்று இல்லாத ஒரு வாரம் அறிக்கையில் முளைக்கும். வார எண்ணுக்குப் பக்கத்திலேயே வார ஆண்டு என்று ஒரு பத்தியும் வேண்டும்.

தீபாவளி இந்த விஷயத்தை நமக்கு நெருக்கமாகக் காட்டுகிறது. தமிழ்நாட்டில் 2023-இல் அது நவம்பர் 12-இல் வந்தது, 2024-இல் அக்டோபர் 31-இல். துணிக்கடை வைத்திருப்பவர் இரண்டு ஆண்டுகளின் நவம்பரை ஒப்பிட்டால் வியாபாரம் படுத்துவிட்டதாகத்தான் தெரியும். அக்டோபரை ஒப்பிட்டால் கொடிகட்டிப் பறப்பதாகத் தெரியும். இரண்டும் பொய். "தீபாவளிக்கு எத்தனை நாள் முன்" என்று தேதி டேபிளில் ஒரு பத்தி வைத்து, பத்து நாள் முன்பை பத்து நாள் முன்போடு ஒப்பிட்டால்தான் கடை வளர்ந்ததா என்பது தெரியும். இதே பண்டிகை நியூயார்க்கின் தேதி டேபிளிலும் புகுந்துவிட்டது. தீபாவளியை நகரப் பொதுப் பள்ளிகளுக்கு விடுமுறையாக்கும் சட்டத்தில் மாநில ஆளுநர் கேத்தி ஹோக்கல் 2023 நவம்பரில் கையெழுத்திட்டார். முதல் விடுமுறை 2024 நவம்பர் 1. நாம் பட்டாசு வெடித்தது அதற்கு முந்தைய நாள். பள்ளி விடுமுறை, அரசு விடுமுறை, பண்டிகை நாள் மூன்றையும் "விடுமுறை" என்ற ஒரே பத்தியில் அடைக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

நேரத்தையும் இதே டேபிளில் சேர்க்கலாமா? கூடாது. ஒரு நாளில் 86,400 நொடிகள். தேதியையும் நொடியையும் சேர்த்து ஒரு டேபிள் செய்தால் ஓராண்டுக்கே 3 கோடியே 15 லட்சம் வரிசைகள் ஆகும். சிறியதாக இருப்பதுதான் இந்த டேபிளின் பலம், அது போய்விடும். நிமிடக் கணக்கில் தனியே ஒரு நேர டேபிள் வைத்தால் 1,440 வரிசைகளில் முடிந்தது. "நெரிசல் நேரம்", "இரவுக் கட்டண நேரம்", "காலை" போன்ற பெயர்கள் அதில் இருக்கட்டும். துல்லியமான நேரம் ஃபேக்ட் டேபிளிலேயே கூடுதலாக ஒரு பத்தியில் இருக்கட்டும். நிமிடக் கழித்தலுக்கு அது வேண்டும்.

தேதியையும் நேரத்தையும் பிரித்ததும் நள்ளிரவு குறுக்கே வந்து நிற்கும். ஞாயிறு அதிகாலை 1 மணிக்கு மதுக்கூடத்திலிருந்து டாக்சி பிடிக்கிறவருக்கு அது சனிக்கிழமை இரவு. காலண்டருக்கு ஞாயிறு. எந்த நாளில் ஓட்டுநர்கள் கூடுதலாக வேண்டும் என்று கேட்கும்போது காலண்டர் சொல்வதை நம்பினால், ஞாயிற்றுக்கிழமை பரபரப்பான நாள் என்ற விடை வரும். அதிகாலை 5 மணிக்குத் தொடங்கி மறுநாள் 5 மணிக்கு முடியும் "பணி நாள்" ஒன்றை வரையறுத்து, ஒவ்வொரு பயணத்துக்கும் அதையும் எழுதிவிட வேண்டும். 5 மணியா, 4 மணியா என்பதை டாக்சித் தொழில் தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும். டேபிள் வரைகிறவர் ஊகிக்கக் கூடாது.

இப்போது ஒரு பயணத்துக்கே மூன்று தேதிகள் சேர்ந்துவிட்டன: ஏறிய தேதி, இறங்கிய தேதி, பணி நாள். மூன்று தேதி டேபிள் தேவையில்லை. ஒரே டேபிளை மூன்று பெயரில் அழைத்தால் போதும். டிசம்பர் 31 இரவு 11:50-க்கு ஏறி 12:15-க்கு இறங்கியவரின் கட்டணம் எந்த ஆண்டு வருவாய் என்ற கேள்விக்கு, எந்தப் பெயரில் உள்ள தேதியைப் பயன்படுத்துவது என்று ஒருமுறை முடிவெடுத்து எழுதி வைத்தால் போதும்.

ஊபர், லிஃப்ட் போன்ற செயலி வண்டிகளுக்கென 2019 பிப்ரவரியிலிருந்து வெளிவரும் தனிக் கோப்புகளில் இது இன்னும் அழகாக விரிகிறது. வண்டி கேட்ட நேரம், ஓட்டுநர் வந்து சேர்ந்த நேரம், ஏறிய நேரம், இறங்கிய நேரம் என நான்கு பத்திகள். வந்து சேர்ந்த நேரம் மாற்றுத்திறனாளிகளுக்கான வண்டிகளுக்கு மட்டும் உரியது என்று கமிஷனின் விளக்கக் குறிப்பு சொல்கிறது. நிகழ்வு நகர நகர ஒவ்வொரு கட்டமாக நிரம்பும் இப்படிப்பட்ட டேபிளுக்குத் தனி மதிப்பு உண்டு. கேட்டதற்கும் ஏறியதற்கும் இடையிலான நிமிடங்களைக் கழித்தால் மக்கள் எத்தனை நேரம் தெருவில் நின்றார்கள் என்பது தெரிகிறது. சக்கர நாற்காலியில் இருப்பவர் கூடுதலாகக் காத்திருந்தாரா என்பதையும் கேட்கலாம். மாதக் கடைசியில் நிலவரத்தைப் படம் பிடித்து வைக்கும் டேபிள்கள் வேறொரு வகை. அந்த மாதம் எத்தனை ஓட்டுநர்கள் வேலை செய்தார்கள் என்ற எண் அதில் இருக்கும். ஜனவரி எண்ணையும் பிப்ரவரி எண்ணையும் கூட்டக் கூடாது. பெரும்பாலும் அதே ஆட்கள்தான்.

தொடக்கத்தில் பார்த்த பயணத்தின் கணக்கு நேராவது எப்படி? கமிஷனின் கோப்பில் நேர வலயத்துக்கென்று பத்தி கிடையாது. சொந்தமாகக் கிடங்கு கட்டுகிறவர், பதிவாகும் இடத்திலேயே உலகப் பொது நேரத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த அளவில் நம் பயணி ஏறியது 5:50, இறங்கியது 6:10; இருபது நிமிடம். கழித்தலுக்கு உலகப் பொது நேரம், நெரிசல் நேரமா என்று பார்ப்பதற்கு உள்ளூர் நேரம். இரண்டில் ஒன்றை மட்டும் வைத்திருப்பவர் ஏதாவது ஒரு கேள்வியில் தோற்பார். அதோடு தேதி டேபிளில் "அந்த நாளின் மணி நேரம்" என்று ஒரு பத்தி: 2023 நவம்பர் 5-க்கு 25, 2024 மார்ச் 10-க்கு 23. மணிக்கு எத்தனை பயணம் என்று வகுக்கும்போது 24-ஆல் வகுக்காமல் இதனால் வகுக்க வேண்டும்.

கெட்டுப்போன தேதிகளுக்கும் இடம் வேண்டும். மாதக் கோப்புகளுக்குள் சம்பந்தமே இல்லாத பழைய ஆண்டுகளின் தேதியோடு சில பயணங்கள் கிடக்கும். தூக்கி எறிந்தால் அந்தக் கட்டணம் வருவாய்க் கணக்கிலிருந்து காணாமல் போகும். அப்படியே விட்டால் டாக்சிப் பதிவே தொடங்காத ஆண்டில் வருவாய் தோன்றும். தேதி டேபிளில் "தேதி தவறு", "தேதி தெரியாது" என்று இரண்டு சிறப்பு வரிசைகள் வைத்து அவற்றோடு இணைப்பதே நேர்மையான வழி.

கடைசியாக, தேதி டேபிளில் நான் மிகவும் மதிக்கும் ஒரு பத்தி. 2025 ஜனவரி 5-ஆம் தேதி, மன்ஹாட்டனின் 60-வது தெருவும் அதற்குத் தெற்கும் உள்ள பகுதியில் நுழையும் வண்டிகளுக்கு நெரிசல் கட்டணம் அமலுக்கு வந்தது. டாக்சிப் பயணத்துக்கு 75 சென்ட். கோப்புகளிலும் அதற்கென ஒரு பத்தி சேர்ந்தது. இதனால் டாக்சிப் பயணம் கூடியதா குறைந்ததா என்று அறிய, முந்தைய ஆண்டோடு ஒப்பிட வேண்டும். 2025 ஜனவரி 5 ஞாயிறு. 2024 ஜனவரி 5 வெள்ளி. தேதிக்குத் தேதி ஒப்பிட்டால், கட்டணத்தின் விளைவு எது, கிழமையின் விளைவு எது என்று பிரிக்க முடியாது. ஆகவே 364 நாள் பின்னே போவார்கள். அது சரியாக 52 வாரம். 2024 ஜனவரி 7, ஞாயிறு, கிடைத்துவிடும். "ஒப்பிட வேண்டிய சென்ற ஆண்டு நாள்" என்ற பத்தியில் பெரும்பாலான நாள்களுக்கு இந்தக் கழித்தலே போதும்.

ஆனால் அமெரிக்க அரசு விடுமுறையான மார்ட்டின் லூதர் கிங் நாள் ஜனவரியின் மூன்றாம் திங்கள். 2025-இல் அது ஜனவரி 20. 364 நாள் பின்னே போனால் 2024 ஜனவரி 22, சாதாரணத் திங்கள். விடுமுறை 2024-இல் 15-ஆம் தேதியே முடிந்துவிட்டது. விடுமுறையை வேலை நாளோடு ஒப்பிட்டுவிட்டு, பயணம் விழுந்துவிட்டது, நெரிசல் கட்டணமே காரணம் என்று யாராவது சொல்லக்கூடும். அதனால் 2025 ஜனவரி 20-க்கு நேரே 2024 ஜனவரி 15 என்று கையால் எழுத வேண்டும். இதோடு முடியவில்லை: 2025 ஜனவரி 13-க்குச் சூத்திரம் கொடுத்த நாளும் அதே 15-ஆம் தேதிதான். எனவே அந்த வரிசையில் 2024 ஜனவரி 22 என்று மாற்றி எழுத வேண்டும். திருத்தியவர் யார், ஏன் திருத்தினார் என்பதற்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி.